பிவிபி-க்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்லைன் கேமில் மற்ற ஆட்டக்காரர்களோடு மோதுவதுதான் பிவிபி. எங்கள் கில்டில் (ஆட்டக்காரர் குழுவில்) புதிதாகச் சேர்ந்தவர்களோடு சில வாரங்களாக டூயல், அதாவது ஒருவருக்கு ஒருவர் சண்டை, ஆடி வருகிறேன். முதல் வருடம் நான் செய்த தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஸ்கில் பட்டனை மாற்றி அழுத்துவதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஹெல்த் குறைந்ததும் ஷீல்டு வந்துவிடும் என்று நம்புவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஹெல்த் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் அடியைத் தாங்கும் ஷீல்டு தானாக எழும் மோதிரம் ஒன்று என்னிடம் இருந்தது. மூன்று மாதம் சேர்த்த பொருளையெல்லாம் அதன் லெவலை ஏற்றவே கொட்டினேன். டூயலில் ஒவ்வொரு முறையும் காப்பாற்றியது. முதல் பெரிய கூட்டச் சண்டையில், 45 சதவீதத்தில் இருந்த ஹெல்த் நேராகப் பூஜ்யத்துக்குப் போனது. ஷீல்டு எழவே இல்லை. லேக் (தாமதம்) என்று நினைத்து, இன்னும் ஒரு மாதம் அதே மோதிரத்துக்குச் செலவழித்தேன்.

அப்புறம்தான் விழுந்த ஒவ்வொரு அடியும் பதிவாகும் காம்பாட் லாகைத் திறந்து பார்த்தேன். மூன்று பேர் அடித்த அடி, மூன்றுக்கும் ஒரே நேரக்குறி.

சர்வர் சண்டையைத் தொடர்ச்சியாகக் கணக்கிடுவதில்லை. டிக் டிக்காக, அதாவது சுற்றுச் சுற்றாகக் கணக்கிடுகிறது. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற கேமில் ஒரு டிக் 0.6 வினாடி. வாலரண்டில் வினாடிக்கு 128 டிக். ஒரு டிக்கில் விழும் அடிகளை மொத்தமாகக் கழித்துவிட்டு, அதன் பிறகே கியர் எஃபெக்டைச் (அணிந்த பொருளின் சக்தியை) சோதிக்கும் கேமில், நீங்கள் செத்த பிறகு ஷீல்டு எழ வழியே இல்லை. டூயலில் ஒரே எதிராளி என்பதால் இது தெரியாது. கூட்டத்தில் சர்வர் திணறும்போது டிக் நீளும், ஒரே டிக்கில் இன்னும் அதிக அடிகள் சேரும். அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அந்த ஷீல்டு கைவிடும். கியர் விவரத்தில் இதை எழுதியிருக்க மாட்டார்கள்.

அதனால் லெவல் ஏற்றும் முன் மூன்று நண்பர்களிடம் உங்களை ஒன்றாக அடிக்கச் சொல்லுங்கள். லாகில் ஷீல்டு வரி அடிகளுக்கு நடுவே வருகிறதா, கடைசியில் வருகிறதா என்று பாருங்கள். கடைசியில் வந்தால் அதை டூயலுக்கு மட்டும் வையுங்கள். கூட்டத்துக்கு எப்போதும் வேலை செய்யும் ஆர்மரே மேல்: 1000 ஹெல்த் இருக்கும்போது 50 சதவீதக் குறைப்பு 2000 டேமேஜ் வரை தாங்கும், 60 சதவீதம் 2500 வரை தாங்கும். டிக் எவ்வளவு நீண்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

டம்மியை அடித்துப் பார்த்து ஆயுதம் தேர்ந்தெடுப்பது

ஒவ்வொரு அடிக்கும் 10 சதவீத வாய்ப்பில் வெடிக்கும், அடுத்த 30 வினாடிக்கு மறுபடி வெடிக்காத ஆயுதம் என்று வையுங்கள். டம்மியை (திருப்பி அடிக்காத பயிற்சிப் பொம்மையை) ஐந்து நிமிடம் அடித்தால் பல முறை வெடிக்கும், சராசரி அழகாகத் தெரியும். பிவிபி-யில் ஸ்டன் ஆகி அசைய முடியாமல் நிற்கும் நேரம் போக உங்களுக்கு 12 அடிதான் கிடைக்கிறது என்றால், 28 சதவீதச் சண்டைகளில் அது ஒரு முறைகூட வெடிக்காது. சண்டை 30 வினாடிக்குள் முடிந்தால், மற்றவற்றில் ஒரே ஒரு முறை.

பிங் 40 காட்டுகிறது, எனவே லேக் இல்லை என்பது

பிங் சொல்வது உங்களுக்கும் சர்வருக்கும் இடையே செய்தி போய்வரும் நேரத்தை (மில்லி வினாடியில்) மட்டும். சர்வருக்குள் கணக்கு தேங்கி நிற்பதை அது காட்டாமல் போகலாம். ஈவ் ஆன்லைன் என்ற கேம் பெரிய போர்களில் கேம் நேரத்தையே மெதுவாக்குகிறது, வேகம் இயல்பில் பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறையும். அங்கே தேக்கம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மற்ற பல கேம்களில் ஸ்கில் தாமதமாகப் போவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படித் தெரிந்தால், எதிராளியின் அடியைப் பார்த்துவிட்டுத் தடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், முன்கூட்டியே அழுத்துங்கள்.

தோற்றதும் நெர்ஃப் கேட்பது

எதிராளியின் சக்தியைக் குறைக்கச் சொல்லி நெர்ஃப் கேட்கும் முன், முதலில் அவர் போட்டிருந்த கியரைப் பாருங்கள்.