மூலப் பாறையில் எண்ணெய் தேறுமா? கிணற்று ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் நாலு பக்கமும் பாறைக் குன்றுகள். சுமார் 250 கோடி வருஷப் பழைய கல். பூமிக்கு அடியில் வெந்து இறுகியது. எண்ணெய்க்கு அங்கே வழியில்லை. நான் தொழில் கற்றது காவிரிப் படுகையில், கிணற்றடியில் கட்டிங்ஸ் (துளையிடும்போது மேலே வரும் பாறைத் துண்டுகள்) அள்ளிக் கழுவி. ஜியாலஜி படிக்கும் அக்கா மகன் போன வாரம் ஒரு ரிப்போர்ட்டோடு வந்து, "மாமா, டி.ஓ.சி. 2.1 இருக்கு. நல்ல ஷேல்தானே?" என்றான். ஷேல் என்பது களிமண் இறுகிய பாறை. கரிமப் பொருள் நிறைந்திருந்தால் அதுதான் எண்ணெய் பிறக்கும் மூலப் பாறை. அவனுக்குச் சொன்னதுதான் இது.

டி.ஓ.சி. என்பது பாறையிலுள்ள மொத்த கரிமக் கார்பன். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் விட்டுவிடலாம். 1-க்கு மேல் நல்லது, 2-க்கு மேல் மிக நல்லது. ஆனால் நிலக்கரியிலும்தான் கார்பன் இருக்கிறது. ஹைட்ரஜன் போதுமா என்று பார்க்க வேண்டும். பாறைத் தூளைச் சூடாக்கிப் பார்க்கும் ராக்-எவல் கருவியில் 300 டிகிரியில் வெளிவருவது எஸ்1, ஏற்கெனவே உருவான எண்ணெய். அதற்கு மேல் சூடேற்றினால் கெரோஜன் (பாறையில் இறுகிக் கிடக்கும் கரிமப் பொருள்) உடைந்து வருவது எஸ்2. எஸ்2-வை டி.ஓ.சி.யால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஹைட்ரஜன் குறியீடு. அவனுடையதில் எஸ்2 கிராமுக்கு 6.3 மில்லிகிராம், குறியீடு 300. எண்ணெய் தரும். 200-க்குக் கீழே இறங்கியிருந்தால் பெரும்பாலும் கேஸ்தான். ஆனால் நன்றாக முதிர்ந்த பாறை தன் எண்ணெயைக் கொடுத்துவிட்டு நிற்கும், அதில் குறியீடு குறைவாகத்தான் வரும். அதனால் டி-மேக்ஸையும், அதாவது எஸ்2 உச்சமாக வரும் வெப்பநிலையையும், சேர்த்துப் படியுங்கள். 435 முதல் 460 டிகிரி வரை எண்ணெய்ப் பருவம். இவனுக்கு 438, இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

அடுத்ததுதான் முக்கியம். எஸ்1-ஐ எஸ்1, எஸ்2 இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். இங்கே எஸ்1 0.7, அதை 7-ஆல் வகுத்தால் 0.1, டி-மேக்ஸோடு ஒத்துப்போகிறது. டி-மேக்ஸ் 428 இருந்து இந்த விகிதம் 0.5 வந்தால், முதிராத பாறையில் அவ்வளவு எண்ணெய் இருக்காது, துளையிடும் சேற்றில் டீசல் கலந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒரு கிணற்றில் நான் கேட்காமல் விட்டேன். இரண்டு வாரம் அந்த எண்களை நம்பி வரைபடம் போட்டேன், எல்லாம் வீண். எஸ்2 0.2-க்குக் கீழே இருந்தால் டி-மேக்ஸை நம்பவே வேண்டாம்.

அப்புறம் லாக், கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுக்கும் பதிவு. சோனிக் (ஒலி பாறையைக் கடக்கும் நேரம்) கோட்டையும் மின்தடைக் கோட்டையும், கரிமப் பொருள் இல்லாத ஷேலில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படியும்படி வையுங்கள். கரிமம் உள்ள இடத்தில் இரண்டும் விலகும். அவை படியும் அடிக்கோட்டில் மின்தடை 2 ஓம்-மீட்டர், சோனிக் அடிக்கு 90 மைக்ரோசெகண்ட். நம் ஷேலில் 4-ம் 100-ம். 4-ஐ 2-ஆல் வகுத்து லாகரிதம் எடுத்தால் 0.30. சோனிக் வித்தியாசம் 10, அதை 0.02-ஆல் பெருக்கிக் கூட்டினால் 0.50. பாறை எவ்வளவு வெந்தது என்று காட்டும் முதிர்ச்சி அளவை 10 என்று வைத்தால், இந்த 0.50-ஐப் பெருக்கும் எண் சுமார் 4. விடை 2 சதவீதம். ஆய்வகம் சொன்ன 2.1-க்கு அருகில் வந்துவிட்டது. எண்ணெய் நிறைந்த மணற்கல்லிலும் கோடுகள் விலகும். காமா லாக் (பாறையின் இயற்கைக் கதிர்வீச்சைக் காட்டும் பதிவு, ஷேலில் அதிகம், மணற்கல்லில் குறைவு) பார்த்து அதை ஒதுக்குங்கள்.

இரண்டும் ஒத்துப்போன பிறகு, அந்த விலகல் எத்தனை மீட்டர் நீள்கிறது என்று ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னேன். அதுதான் மூலப் பாறையின் தடிமன். அவன் அளந்தது 40.