கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டி வந்தால்

முதல் போன் தாய்மாமனுக்கு, அப்புறம்தான் மற்றவர்களுக்கு. வேறு வாய் வழியாக அவர் காதுக்குப் போனால் அந்த வருத்தம் லேசில் ஆறாது. வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய்ப் பத்திரிகை வைத்த வீடுகளுக்கு வாட்ஸ்அப் போதாது, கூப்பிட்டுப் பேசுங்கள். காரணம் ஒரே வரி. நீட்டினால், நம் ராமேஸ்வரம் தீவு மீனவ ஊர்களில், பாம்பனில் சொன்னது பக்கத்துத் தங்கச்சிமடம் போவதற்குள் வேறு கதையாகிவிடும், பாதிக்கப்படுவது பெண் பிள்ளைதான்.

மண்டபம், சமையல்காரர், பந்தல்காரருக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள், பாவம், ஆள் பிடித்து வைத்திருப்பார்கள். புதுத் தேதியை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்தால் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். ஆனால் வருமானமில்லாத நாட்கள், மொய் குறைந்தால் மனதில் வைக்காதீர்கள்.

கல்யாணம் நின்றே போனால், நகையையும் நிச்சயப் புடவையையும், மடிப்புக் கலையாமல், ஊர்ப் பெரியவர் முன்னிலையில் எண்ணித் திருப்பிக் கொடுங்கள்.