கதை எழுத ஆரம்பிக்கிறவங்க டார்கெட் போடுறது எப்படி: நான் தோத்து கத்துக்கிட்ட முறை

மூணு தடவ நாவல் ஆரம்பிச்சு, மூணு தடவையும் நாலாவது அத்தியாயத்துலயே நின்னு போன ஆளு நான். கதை சரியில்ல, நமக்கு இது வராதுன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன், அப்புறம் உக்காந்து பாத்தா கோளாறு கதையில இல்ல, நான் போட்ட டார்கெட்ல. கதைக்கரு பிடிக்கிறது, எதுல டைப் பண்றதுங்கறதெல்லாம் உங்களுக்கே தெரியும், நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

1. முதல் வாரம் டார்கெட்டே வேணாம். சும்மா எழுதுங்க, முடிச்சதும் எத்தனை வார்த்தைன்னு மட்டும் குறிச்சு வைங்க. கூகுள் டாக்ஸ்ல கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூணையும் சேத்து அழுத்தினா எண்ணிக்கை வந்துரும். கையால எழுதுறவங்க ஒரு பக்கத்த எண்ணி வச்சுக்கிட்டா போதும்.

2. இப்ப சராசரி. நான் வழுக்கி விழுந்தது இங்கதான், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. என்னோட முதல் வாரம் 310, 0, 180, 420, 0, 90, 260. மொத்தம் 1260. நான் என்ன பண்ணேன்னா, அந்த ரெண்டு பூஜ்யத்தையும் "அன்னைக்கு வேலை இருந்துச்சு, அது கணக்குல வராது"ன்னு தூக்கிப் போட்டுட்டு அஞ்சால வகுத்தேன். 252 வந்துச்சு, சரி தினம் 250ன்னு முடிவு பண்ணேன், பத்தே நாள்ல படுத்துருச்சு. வேலை இருக்கிற நாள் அடுத்த வாரமும் வரும்ல? ஏழாலதான் வகுக்கணும், அப்ப 180. அதுலயும் மூணுல ஒரு பங்க கழிச்சு 120ன்னு வைங்க. அதையும் தினக்கணக்கா வைக்காம வாரத்துக்கு 840ன்னு வைங்க, ஞாயித்துக்கிழமை 500 அடிச்சுட்டு ரெண்டு நாள் தூங்கினாலும் கணக்கு சரியா இருக்கும். 840ஆன்னு சிரிப்பு வரும், வரட்டும், 3000 வார்த்தை சிறுகதைக்கு நாலு வாரத்துக்குள்ள முதல் வரைவு கையில இருக்கும், என்கிட்ட அதுக்கு முன்னாடி முழுசா முடிச்ச கதைன்னு ஒண்ணுகூட கிடையாது.

ஒரு சின்ன விஷயம், இங்கிலீஷ்ல எழுதுறவங்க சொல்ற நம்பர அப்படியே தூக்கிட்டு வராதீங்க. 1999ல ஆரம்பிச்ச நானோரைமோங்கற நாவல் எழுதுற சவால் இருந்துச்சே (நடத்தினவங்க 2025ல மூடிட்டாங்க), நவம்பர் மாசத்துல 50,000 வார்த்தை, அதாவது ஒரு நாளைக்கு 1667. நான் அதத்தான் முதல் தடவ பிடிச்சுக்கிட்டேன். ஆனா நம்ம "வரமாட்டேன்னிருந்தாளே" ஒரே வார்த்தை, அதையே இங்கிலீஷ்ல சொன்னா அஞ்சாறு ஆகிடும். அப்ப தமிழ்ல 1667ங்கறது அவங்களோடத விட ரொம்பப் பெரிய மலை. "செய்து கொண்டிருந்தான்"னு பிரிச்சா ரெண்டு, சேத்தா ஒண்ணு, எப்படி எழுதினாலும் பரவால்ல, நடுவுல மாத்தாம இருந்தா போதும்.

3. உங்க கையில இருக்கிறத மட்டும் டார்கெட்டா எழுதுங்க. "பத்திரிகையில கதை வரணும்"ங்கறது எடிட்டர் கையில இருக்கு. "இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு கதைய அனுப்பிடணும்"ங்கறது நம்ம கையில. திரும்பி வந்தாலும் அந்த மாச டார்கெட் முடிஞ்சதுதான், டிக் அடிச்சுக்கலாம்.

4. குறிச்சு வைக்க நோட்டும் பேனாவும். ஆப் வேணாங்கறது என் கட்சி, நான் மூணு ஆப் மாத்தினேன், ஒரு நாள் விட்டுப்போனா சங்கிலி அறுந்துச்சுன்னு காட்டும், அதப் பாத்ததும் அடுத்த நாளும் எழுதத் தோணாது. ஸ்க்ரிவனர்ங்கற கதை எழுதுற சாஃப்ட்வேர்ல டார்கெட் வசதி நல்லாவே இருக்கு, ஆனா முதல் கதைக்கு அத கத்துக்க உக்காந்தீங்கன்னா கதைய எழுத மாட்டீங்க (அனுபவம்).

பின்சேர்க்கை: படிச்சுட்டு ரெண்டு பேர் ஒரே கேள்வி கேட்டாங்க, திருத்துற வாரத்துல வார்த்தை குறையுதே, அப்ப டார்கெட் மைனஸ்ல போகுமான்னு. நான் இத எழுத மறந்துட்டேன். வரைவு முடிஞ்ச நிமிஷத்துலேர்ந்து வார்த்தைக் கணக்க மூடிருங்க. திருத்தும்போது காட்சிக் கணக்குதான், வாரத்துக்கு ரெண்டு காட்சி. ஒரு காட்சியில 400 வார்த்தைய வெட்டித் தள்ளினாலும் நோட்டுல "1 காட்சி"ன்னு எழுதிட்டு எழுந்துருங்க.