ஃப்ரிட்ஜில் ஒட்டிய கடிதம்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு ரெக்ரூட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது தபாலில் ஒரு பளபளப்பான அட்டை வந்தது. மேலே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் சின்னம், கீழே நீச்சல் கோச்சின் கையெழுத்து. எங்கள் கோடைக்கால கேம்ப்புக்கு வா என்று அழைப்பு. மனைவி அதை ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தாள். நான் படம் எடுத்து மதுரையில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். "அப்போ சீட் கிடைச்சாச்சா?" என்றார். "கிட்டத்தட்ட" என்று சொல்லிவைத்தேன். பணம் கட்டி, ஓட்டல் போட்டு கேம்ப்புக்குப் போனால் அங்கே நூற்றுக்கும் மேல் பிள்ளைகள். எல்லார் வீட்டுக்கும் அதே அட்டை. கையெழுத்தும் அச்சடித்ததுதான்.

கல்லூரி அணிகளுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பதைத்தான் இங்கே ரெக்ரூட்டிங் என்கிறார்கள். அதில் எங்கள் முதல் தவறு, விளம்பர அட்டையைச் சீட் என்று நம்பியது. நம்மவர்கள் பலர் செய்வதும் அதுதான். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ, கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது; ஒன்றுதான் மேல்மட்டம். அதன் விதிப்படி டிவிஷன் ஒன் கோச் கேம்ப் விளம்பரத்தை யாருக்கும் எப்போதும் அனுப்பலாம். ஆனால் நீச்சல், டென்னிஸ், தடகளம் போன்ற பெரும்பாலான விளையாட்டுகளில், மாணவர் பத்தாம் வகுப்பை முடித்த ஜூன் 15-க்கு முன் அணியில் சேர்ப்பது பற்றி அவரோடு பேசவோ எழுதவோ கூடாது. ஃபுட்பால், பேஸ்பால் போன்றவற்றுக்குத் தேதி வேறு. டிவிஷன் மூன்றில் போனுக்கும் மெயிலுக்கும் இந்தத் தேதிக் கட்டுப்பாடே கிடையாது. ஆக, அந்தத் தேதிக்கு முன் டிவிஷன் ஒன் கல்லூரி ஒன்றிடமிருந்து என்ன வந்தாலும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோச்சுக்கு நிஜமாகவே விருப்பம் இருந்தால் அது வேறு மாதிரி தெரியும்: போன வாரப் போட்டியில் பிள்ளை நீந்திய நேரத்தைச் சொல்வார், டிரான்ஸ்கிரிப்ட் (பள்ளி மதிப்பெண் பட்டியல்) கேட்பார், போனில் எப்போது பேசலாம் என்பார். கேம்ப் வீண் என்று சொல்லவில்லை. ஏற்கனவே பேசிக்கொண்டிருக்கும் கோச் நடத்தினால் போகலாம்.

அடுத்தது, பிள்ளையின் நிலையை உள்ளூர்க் கோப்பைகளை வைத்து எடைபோடுவது. ஸ்கூலில் முதலிடம், மாவட்டத்தில் மூன்றாமிடம் என்பதெல்லாம் கல்லூரி கோச்சிடம் செல்லாது. நீச்சலில் இதைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. விரும்பும் கல்லூரி எந்த கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் குழு) இருக்கிறது என்று பாருங்கள். அந்த கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப்பின் போன வருட முடிவுகளை எடுங்கள். பிள்ளையின் நேரத்தை அந்தப் பட்டியலில் வைத்துப் பாருங்கள். என் மகளின் நூறு கெஜம் பட்டர்ஃப்ளை நேரத்தை அந்த அட்டை அனுப்பிய கல்லூரியின் பட்டியலில் வைத்தோம். கடைசி ஆளுக்கும் கீழே இருந்தாள். பத்து நிமிட வேலை. கேம்ப்புக்குப் பணம் கட்டும் முன் செய்திருக்கலாம்.

கெஜம் என்று சொன்னதைக் கவனியுங்கள். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் 25 கெஜக் குளத்தில் நடக்கும். சர்வதேசப் போட்டிகள் மீட்டர் குளத்தில். கெஜம் மீட்டரைவிடச் சிறியது, அதனால் நேரம் குறைவாகத் தெரியும். ஊரில் நீந்திவிட்டு இங்கே விண்ணப்பிக்கும் பிள்ளைகள், எந்த நேரம் எந்தக் குளத்தில் என்று தெளிவாக எழுத வேண்டும். டென்னிஸ் என்றால் இந்த வேலையை ஆட்டக்காரரின் திறனை அளக்கும் யூடிஆர் எண் செய்துவிடும். அணியில் ஆறாவதாக ஆடுபவரின் யூடிஆரைப் பார்த்தால் போதும்.

சரி, மெயிலுக்கு வருவோம். என் மிகப் பெரிய சொதப்பல் இதில்தான். முதல் மெயில்களை நானே எழுதினேன். மகள் மூன்று வயதிலேயே தண்ணீரைக் கண்டு பயப்படாதது, பரதநாட்டிய அரங்கேற்றம், கணிதப் போட்டிப் பதக்கம் என்று ஒன்றரைப் பக்கம். இருபது கோச்களுக்கு அனுப்பினேன், ஒருவருக்குப் பக்கத்து மாநிலக் கல்லூரியின் பெயரோடு. பதில் போட்டவர் ஒரே ஒருவர். ஒரே வரி: உங்கள் மகளையே எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் அவளே எழுதினாள். தலைப்பில் பெயர், பள்ளி முடிக்கும் வருடம், முக்கியப் போட்டியின் நேரம். உள்ளே ஜிபிஏ (மதிப்பெண் சராசரி), மூன்று சிறந்த நேரங்கள், போன வருடத்திலிருந்து எத்தனை விநாடி குறைத்தாள் என்பது, கிளப் கோச்சின் தொடர்பு, அந்தக் கல்லூரியில் என்ன படிக்க விரும்புகிறாள், ஏன் என்று இரண்டு வரி. போனில் ஸ்க்ரோல் செய்யாமலே முடிந்துவிடும். அந்த மெயிலுக்குப் பதில்கள் வந்தன. கோச் நான்கு வருடம் குடித்தனம் நடத்தப்போவது பிள்ளையோடு, அப்பாவோடு அல்ல. போனிலும் அப்படித்தான். நாம் பக்கத்து அறைக்குப் போய்விடுவது நல்லது.

ஜூன் 15 வரை கோச்தான் கூப்பிட வேண்டும் என்று காத்திருப்பதும் தவறு. அதற்கு முன்பே பிள்ளை எழுதலாம், தடை இல்லை. கோச்சால் சரியாகப் பதில் சொல்ல முடியாது, அவ்வளவுதான். பெயர் அவர் பட்டியலில் ஏறிவிடும்.

டிவிஷன் ஒன், முழு ஸ்காலர்ஷிப், இல்லையென்றால் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு: ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் ஒன்தான், ஆனால் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே தருவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. டிவிஷன் மூன்றிலும் விளையாட்டுக்கென்று பணம் கிடையாது. எம்ஐடி, சிகாகோ, எமரி நீச்சல் அணிகளெல்லாம் டிவிஷன் மூன்றுதான். யாராவது அதைத் தாழ்வு என்பார்களா? டிவிஷன் ஒன் ஆண்கள் நீச்சலில் 2025 வரை ஓர் அணிக்கே மொத்தம் 9.9 ஸ்காலர்ஷிப்தான். அதைக் கோச் பலருக்கும் பிய்த்துக் கொடுப்பார். 2025 ஜூனில், கல்லூரி வீரர்கள் பணம் கேட்டுத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தபின், அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. பணம் கூடலாம், ஆனால் கடைசி இடங்களில் ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இடம் போனது. போதாக்குறைக்கு, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். இருபது வயது அனுபவசாலி கையில் கிடைக்கும்போது, பதினேழு வயதுப் பிள்ளைக்காக எந்தக் கோச்சும் எளிதில் காத்திருக்கமாட்டார்.

படிப்பு விஷயத்தில் நம் வீடுகளில் மதிப்பெண் சிக்கல் அரிது, பாட எண்ணிக்கையில்தான் வழுக்கும். டிவிஷன் ஒன்னுக்கு 16 கோர் கோர்ஸ் (என்சிஏஏ கணக்கில் எடுக்கும் அடிப்படைப் பாடங்கள்) வேண்டும். அதில் 10, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலில். கோடையில் எடுத்த ஆன்லைன் பாடம் என்சிஏஏ ஏற்ற பட்டியலில் இருக்கிறதா என்று கவுன்சலரிடம் ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

வாய்வார்த்தை ஆஃபர் வந்ததும் இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு மற்ற கோச்களுக்குப் பதில் எழுதுவதை நிறுத்துவது இன்னொரு ஆபத்து. அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று மாணவர் கையெழுத்திட்டுவந்த நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024 அக்டோபரில் ஒழிந்தது. இப்போது எழுத்தில் வரும் உதவித்தொகை ஒப்பந்தம்தான் கணக்கு. ஐவியிலும் டிவிஷன் மூன்றிலும் ப்ரீ-ரீட் என்று ஒன்று உண்டு: அட்மிஷன் அலுவலகம் டிரான்ஸ்கிரிப்டை முன்கூட்டியே பார்த்துக் கோச்சுக்கு ஒரு குறிப்பு தரும். அது நல்லபடி வந்தாலும் சேர்ந்தாயிற்று என்று அர்த்தமில்லை. பிள்ளை கோச்சிடம் நேராகக் கேட்கலாம்: ப்ரீ-ரீட் தாண்டி, நீங்கள் ஆதரித்தும் போன வருடம் இடம் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர்? பதில் மழுப்பலாக இருந்தால் மற்ற கதவுகளைத் திறந்தே வைத்திருங்கள்.

கோச்சைத் தெரியும், நான் முடித்துத் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கான டாலர் கேட்பவர்களிடம் எட்டியே நில்லுங்கள். 2019-இல் வெளிவந்த அட்மிஷன் ஆலோசகர் ரிக் சிங்கரின் வழக்கில், ஆடவே ஆடாத பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டிக் கோச்களுக்குப் பணம் போனது. சிங்கருக்கு மூன்றரை ஆண்டு சிறை. பெற்றோர்களும் உள்ளே போனார்கள்.

வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வேலை அனுமதி இல்லாததால், பெயரையும் படத்தையும் வைத்து வரும் விளம்பரப் பணம் விசாவையே சிக்கலாக்கலாம். வக்கீலைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடவேண்டாம்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகும் நாளில் எல்லாரும் குளத்தையும் ஜிம்மையும் பார்க்கிறார்கள். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். திரும்பும் நேரத்தில் மகள் கோச்சிடம், "எனக்குத் தோளில் அடிபட்டு ஒரு வருஷம் நீந்த முடியாமப் போனா என்ன ஆகும்?" என்றாள். நான் மனைவியைப் பார்த்தேன், இப்படியா கேட்பது என்று. கோச் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இருபது நிமிடம் பதில் சொன்னார்.