ஆபீசில் நடக்கும் தப்பை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது

வேலை செய்யும் இடத்தில் ஏதோ தப்பு நடப்பது தெரிந்துவிட்டது. போலி பில், கணக்கில் வராமல் வெளியே போகும் சரக்கு, பெண் தொழிலாளர்களிடம் அத்துமீறும் சூப்பர்வைசர், பரிசோதனையே செய்யாமல் கையெழுத்தாகும் தர ரிப்போர்ட், எதுவாகவும் இருக்கட்டும். புகாரில் என்ன எழுதுவது என்றுதான் எல்லாரும் முதலில் யோசிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நான் அனுப்பும் கவரை யார் பிரிப்பார், பிரிக்கிற ஆளின் சம்பளமும் பதவி உயர்வும் யார் கையில் இருக்கிறது?

இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி வழிகள் அடிபட்டுப் போகும். வாசலில் தொங்கும் புகார்ப் பெட்டியின் சாவி எச்ஆர் மேஜையில் இருக்கிறது, எச்ஆர் மேனேஜர் ஃபேக்டரி ஜி.எம்.முக்குக் கீழே வேலை செய்கிறார் என்றால், ஜி.எம். மீதான புகாரை அந்தப் பெட்டியில் போடுவதும் அவர் கையிலேயே கொடுப்பதும் ஒன்றுதான். எச்ஆரில் இருப்பவர்கள் எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை, நல்லவர்கள் நிறையப் பேர் உண்டு, ஆனால் அவர்கள் வீட்டு அடுப்பும் அதே சம்பளத்தில்தான் எரிகிறது. அதே சமயம் தப்பு செய்வது கீழ்மட்டத்தில் ஒருவர், மேலே இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது என்றால் நேராக மேலே சொல்வதே சுலபம். எல்லாவற்றுக்கும் டெல்லிக்கு எழுத வேண்டியதில்லை.

ஆதாரம்

ஒரு சாதாரண நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார், கூட யார் இருந்தார், இதையெல்லாம் நடந்த அன்றே கைப்பட எழுதி வீட்டில் வையுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டாம், ஆபீஸ் வைஃபையில் இணைந்திருக்கும் போனிலும் வேண்டாம்.

நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: கம்பெனி மெயிலில் இருந்த ஃபைல்களை மொத்தமாகத் தன் ஜிமெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். ஐடி டிபார்ட்மென்டுக்கு அது உடனே தெரியும், அப்புறம் விசாரணை உங்கள் மேல் திரும்பும், டேட்டாவைத் திருடினார் என்று மெமோ வரும், முதலில் நடந்த தப்பை யாரும் பேச மாட்டார்கள். உங்கள் வேலையின் போக்கில் கைக்கு வரும் காகிதம் எதுவோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரிஜினலைத் தொடவே கூடாது. வவுச்சர் எண், ஃபைல் எண், தேதி, அது எந்த அலமாரியில் அல்லது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று குறித்துக் கொடுத்தால் போதும், விசாரிக்க வருபவர் அதை எடுத்துக்கொள்வார்.

போட்டோவோ ஆடியோவோ போனில் இருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். நாளைக்கு அது கோர்ட்டுக்குப் போனால் 2023-ம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி அந்த மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும் (பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுதான் இது). வாட்ஸ்அப்பில் நாலு பேர் கை மாறி வந்த படத்துக்கு அந்த மதிப்பு இருக்காது.

பெயர் வெளியே தெரியக் கூடாது என்றால் இன்னும் சில விஷயங்கள். வேர்டு ஃபைலின் ப்ராபர்ட்டீஸில் எழுதியவர் பெயர் இருக்கும். ஆபீஸ் பிரின்டரில் யார் எப்போது எதை அச்சிட்டார் என்ற பதிவு இருக்கும். கலர் லேசர் பிரின்டர்கள் பலவும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளாகத் தன் சீரியல் எண்ணையே காகிதத்தில் போட்டுவிடும். ஆனால் மெஷின்களைவிட அதிகம் காட்டிக்கொடுப்பது நாம் எழுதும் விவரம்தான். மூன்றே பேர் இருந்த மீட்டிங்கில் பேசியதை வார்த்தை மாறாமல் எழுதினால், கடிதத்தில் பெயர் போடாமல் இருப்பதில் என்ன பயன்? அந்த விவரம் வேறு எந்தக் காகிதத்திலிருந்து தெரிந்திருக்க முடியும் என்று பாருங்கள், அந்தக் காகிதத்தைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள்.

மொட்டைக் கடிதமா, பெயரோடா?

பெயரே இல்லாமல் போடுவது ஒன்று. பெயரைக் கொடுத்துவிட்டு, வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்பது இன்னொன்று. மொட்டைக் கடிதத்தின் மீது நடவடிக்கை கூடாது என்பதுதான் மத்திய அரசுத் துறைகளில் விதி, அது நேராகக் குப்பைக்குத்தான் போகும். தனியார் கம்பெனிகளில் சில ஏற்கும், சில ஏற்காது, அவர்களுடைய பாலிசியைப் படித்துப் பார்க்க வேண்டும். ஏற்றாலும் விசாரிப்பவர் உங்களிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்க வழி இருக்க வேண்டும். அதற்கென்றே புதிதாக, சொந்த போனில், ஒரு மெயில் ஐடி போதும்.

ரான்பாக்ஸி மருந்து கம்பெனியில் வேலை பார்த்த தினேஷ் தாக்கூர் இப்படித்தான் செய்தார். மருந்துகளின் பரிசோதனைத் தரவுகள் போலி என்பதை உள்ளே சொல்லிப் பார்த்தார், எதுவும் நடக்கவில்லை. ராஜினாமா செய்துவிட்டு 2005-ல் புனைபெயரில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு மெயில் அனுப்பினார். 2013-ல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. நடுவில் எட்டு வருஷம் என்பதையும் கவனியுங்கள்.

மத்திய அரசு, பொதுத்துறை, அரசு வங்கி ஊழியர்கள்

தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லியிருந்தார். வைக்கவில்லை, கடிதம் அவர் விவரங்களோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ. கடிதம் சுற்றியதை யாரும் மறுக்கவில்லை. நாடு கொதித்த பிறகுதான் 2004-ல் மத்திய அரசு ஒரு தீர்மானம் போட்டு, இப்படிப்பட்ட புகார்களை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பெயரை மறைத்து விசாரிக்கலாம் என்றது.

டெல்லியில் சதர்கதா பவனில் இருக்கும் அந்த ஆணையத்தின் செயலாளருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். மெயிலோ ஆன்லைனோ இதற்குச் செல்லாது. கவரை ஒட்டி சீல் வைத்து, மேலே பொதுநல வெளிப்படுத்தல் புகார் என்பதை ஆங்கிலத்தில், 'பிஐடிபிஐ' (PIDPI) என்ற சுருக்க எழுத்துகளிலாவது எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் சாதாரணப் புகாராகிவிடும், பெயருக்குப் பாதுகாப்பு கிடையாது. கவரின் வெளியே அனுப்புநர் பெயர் வேண்டாம். உள்ளே பெயரும் முகவரியும் கட்டாயம். வீட்டு முகவரியைக் கொடுங்கள், ஏனென்றால் எழுதியது நீங்கள்தானா என்று கேட்டு ஆணையத்திலிருந்து கடிதம் வரும், அது ஆபீஸ் தபால் செக்‌ஷனுக்குப் போனால் எல்லாம் போச்சு. முக்கியமாக, அதே புகாரின் நகலை அமைச்சருக்கும் சேர்மனுக்கும் பத்திரிகைக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பினால் ரகசியத்தை உடைத்தது நீங்களே என்று ஆகும்.

இதற்கென்று 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதைக் காட்டி யாராவது உங்களுக்கு முழுப் பாதுகாப்பு உண்டு என்றால் நம்ப வேண்டாம்.

மாநில அரசு ஊழியர்களுக்கு இந்த ஆணையம் பொருந்தாது. தமிழ்நாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறைக்குத்தான் போக வேண்டும். கம்பெனி சார்பாக லஞ்சம் கொடுத்துவிட்டு வா என்று உங்களை அனுப்பினாலோ, கட்டாயப்படுத்தி உங்களிடம் வாங்கினாலோ, ஏழு நாட்களை மறக்காதீர்கள்: கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் போலீசுக்கோ விசாரணை அமைப்புக்கோ சொல்லிவிட்டால் அது குற்றமாகாது என்று 2018-ல் லஞ்ச ஒழிப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். கொடுப்பதற்கு முன்பே சொல்வது அதைவிட நல்லது.

தனியார் கம்பெனிகள்

பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிகளும், 50 கோடி ரூபாய்க்கு மேல் வங்கிக் கடன் வாங்கியவையும், ஊழியர்கள் முறைகேட்டைச் சொல்ல ஒரு வழி வைத்தே ஆக வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டத்தின் 177-வது பிரிவு. கம்பெனி வெப்சைட்டில் 'விஜில் மெக்கானிசம்' அல்லது 'விசில் ப்ளோவர் பாலிசி' என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரு ஹாட்லைனும் மெயில் ஐடியும் இருக்கும். அந்த மெயிலை வெளி நிறுவனம் படிக்கிறதா, கம்பெனி ஆட்களேவா என்று பாருங்கள்.

பலருக்குத் தெரியாத வரி ஒன்று அந்தச் சட்டத்தில் உண்டு: தேவைப்படும் நேரத்தில் ஆடிட் கமிட்டி, அதாவது கணக்குத் தணிக்கையைக் கவனிக்கும் இயக்குநர்கள் குழு, அதன் தலைவரிடமே நேராகப் போகலாம். பட்டியலான கம்பெனிகளில் அவர் சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும், அதாவது எம்.டி.யிடம் சம்பளம் வாங்குபவர் இல்லை. அவர் பெயர் ஆண்டறிக்கையில் இருக்கும். அவர் பெயருக்கு 'அந்தரங்கம்' என்று எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். அவரும் எம்.டி.யும் ஒரே குடும்ப நண்பர்கள் என்று ஊருக்கே தெரிந்திருந்தால் ஸ்டாச்சுட்டரி ஆடிட்டருக்கும் (சட்டப்படி கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்யும் வெளி ஆடிட்டர்) ஒரு நகல் அனுப்புங்கள். 2020-ல் வந்த உத்தரவின்படி, அந்த ஆண்டில் கம்பெனிக்கு வந்த விசில் ப்ளோவர் புகார்களைக் கருத்தில் எடுத்தாரா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும், அதனால் பார்க்கவே இல்லை என்று அவர் பிறகு நழுவ முடியாது.

பாலியல் தொல்லை என்றால்

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அந்த வெளி உறுப்பினர் பெயருக்காகப் போட்டவரா, நிஜமாகவே வருகிறவரா என்று விசாரியுங்கள், குழுவின் சுதந்திரம் முக்கால்வாசி அவர் கையில்தான். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தருவார்கள். விசாரணை முடியும்வரை இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கலாம். தப்பு செய்தவரே முதலாளி என்றாலோ, சின்னக் கடை, வீட்டு வேலை என்றாலோ மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது.

ஆனால் ஆயிரக்கணக்கான பெண்கள் டார்கெட்டோடு ஓடும் கார்மென்ட்ஸில் இந்தக் குழு பல நேரம் சுவரில் ஒட்டிய காகிதம்தான். திண்டுக்கல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார், அவருடைய சூப்பர்வைசரே அதற்காகக் கைதானார். அதன் பிறகு நடந்த போராட்டத்தில் வந்ததுதான் 2022-ன் திண்டுக்கல் ஒப்பந்தம். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், அந்தத் தொழிற்சாலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், துணி வாங்கும் பிராண்டான எச் அண்ட் எம் ஆகியவை கையெழுத்திட்டன, பிறகு கேப், பிவிஎச் நிறுவனங்களும் சேர்ந்தன. யூனியன் பயிற்சி கொடுத்த தொழிலாளர்களே லைனில் கண்காணிப்பாளர்களாக நின்றார்கள், அவர்களிடம் வாய்வார்த்தையாகச் சொன்னாலே போதுமாக இருந்தது. அங்கே முடியாதது கம்பெனிக்கு வெளியே இருந்த மதிப்பீட்டாளர்களிடம் போனது, அவர்கள் சொன்னதைக் கம்பெனி கேட்காவிட்டால் ஆர்டரே கைவிட்டுப் போகலாம் என்ற நிலை இருந்தது. நான் பார்த்தவற்றில் உண்மையிலேயே சுதந்திரமான ஏற்பாடு என்று இதைத்தான் சொல்வேன். உங்கள் ஃபேக்டரியில் இப்படி ஒன்று இல்லை என்றால், துணியில் தைக்கும் லேபிள் யாருடையது என்று பாருங்கள். பெரிய பிராண்டுகளிடம் புகார் சொல்ல வழி உண்டு. தனியாகச் சொல்வதைவிட யூனியன் மூலம் சொல்வது மேல், கடிதத்தில் உங்கள் பெயரே வராது.

சொன்ன பிறகு

ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் எழுதாதீர்கள். விசாரிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் சொல்வது அவதூறு ஆகாது என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஊருக்கெல்லாம் சொல்வதற்கு அந்த விலக்கு கிடையாது.

பழிவாங்கல் எப்போதும் டிஸ்மிஸாக வராது. முதலில் ஷிஃப்ட் மாறும், அப்புறம் ட்ரான்ஸ்ஃபர், அப்புறம் இத்தனை வருஷம் நன்றாக இருந்த அப்ரைசல் திடீரென்று மோசமாகும். அதனால் புகாருக்கு முன்பே பழைய அப்ரைசல், இன்க்ரிமென்ட் கடிதங்களின் நகலை வீட்டில் வைத்திருங்கள். ரூமுக்குள் கூப்பிட்டு ராஜினாமா எழுதச் சொன்னால் எழுதாதீர்கள், வெள்ளைத்தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். மெமோ வந்தால் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.