இடித்த வீட்டு ஜல்லியைக் கான்கிரீட்டில் போடுவதற்கு முன்

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, குகை பக்கம் பழைய வீட்டை இடித்துக் கட்டுபவர்களுக்கு முதல் தலைவலி, இடிசலை எங்கே கொட்டுவது என்பது. ‘உடைத்து ஜல்லியாகவே போட்டுவிடலாமே’ என்று யாராவது சொல்வார்கள். போடலாம்தான். கான்கிரீட் ஜல்லி, மணலுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 383-இன் 2016 பதிப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் எந்த இடிசல், எந்த வேலைக்கு என்று பார்க்காமல் போடுவதுதான் பெரிய தவறு.

தூண், பீம், தளம் உடைத்து வருவது ஒரு ரகம். செங்கல், காரை, டைல்ஸ் கலந்து வருவது வேறு ரகம். முதல் ரகத்தைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 என்ற வலுத் தரம் வரைக்கும், ஜல்லியில் 20 சதவீதம் சேர்க்கலாம். கம்பி இல்லாததில் 25 சதவீதம். செங்கல் கலந்ததைக் கம்பி வேலைக்குத் தொடவே கூடாது. அஸ்திவாரத்துக்கு அடியில் போடும், எம்15-க்கும் கீழான பி.சி.சி.க்கு, அதாவது கம்பி இல்லாத மெலிந்த கான்கிரீட்டுக்கு, அது போதும். பொக்லைன் எல்லாவற்றையும் ஒரே குவியலாகத் தள்ளிய பிறகு பிரிக்க உட்கார்ந்தால் கூலிதான் ஏறும். இடிக்கும்போதே பிரித்துவிடுங்கள்.

‘அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியில்தானே மொட்டை மாடி போட்டார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அது சுண்ணாம்பில் குழைத்து, தளத்தின் மேல் வெயிலுக்கும் மழைக்கும் போட்ட பூச்சு. கம்பியோ பாரமோ அதில் இல்லை.

அடுத்தது தண்ணீர். கருங்கல் ஜல்லி தன் எடையில் 1 சதவீதம்கூடக் குடிக்காது. பழைய சிமெண்ட் சாந்து ஒட்டியிருக்கும் ஜல்லி 5 சதவீதம் வரை சாதாரணமாகக் குடிக்கும். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்குச் சுமார் 1,100 கிலோ ஜல்லி என்று வைத்துக்கொண்டால், 20 சதவீதம் என்பது 220 கிலோ; அது மட்டும் 11 லிட்டரை இழுத்துக்கொள்ளும். கலவை இறுகுவதைப் பார்த்ததும் மேஸ்திரி ‘இன்னொரு வாளி ஊத்து’ என்பார். எவ்வளவு உறிஞ்சியது என்று யாரும் அளக்கப் போவதில்லை. ஊற்றுவது எப்போதும் அதிகமாகத்தான் இருக்கும், வலு அங்கேயே போய்விடும். முந்தின நாளே ஜல்லியை நனைத்து, மேலே நீர் சொட்டாத பதத்தில் மிக்சரில் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சேலத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. நம் ஊர் மேக்னசைட், அதாவது வெள்ளைக்கல், உலைகளுக்கான தீச்செங்கல்லுக்குப் போகிற பொருள். இடித்த காளவாய், உலையின் உள்பக்கச் செங்கல் மலிவாகக் கிடைக்கிறதென்று உடைத்துப் போடாதீர்கள். நன்றாகச் சுட்ட மக்னீசியா கான்கிரீட்டுக்குள் மெதுவாக நீரோடு சேர்ந்து ஊதும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது; நாள்பட்டு வெடிப்பு விடும். எஃகு ஆலையில் மிஞ்சும் கசடும், வெளியில் நாள்பட ஆறப்போடாவிட்டால், இதே போலத்தான். கம்பி கான்கிரீட்டில் எஃகுக் கசடுக்கு விதியிலேயே இடமில்லை.

பழைய ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், இதுவும் ஜிப்சம்தான்) வேலைப்பாடு இருந்தால், இடிப்பதற்கு முன்பே கழற்றி வெளியேற்றுங்கள். ஜிப்சத்தில் உள்ள சல்ஃபேட் சிமெண்டோடு வினைபுரிந்து கான்கிரீட்டை உப்பவைக்கும்.

ஏற்காட்டில் கணக்கு கொஞ்சம் வேறு. ஜல்லி கொண்டைஊசி வளைவுகள் ஏறி வரவேண்டும் என்பதால் இடிசலைப் பயன்படுத்தும் ஆசை அங்கே நியாயமானது. சரிவில் கொட்டிவிடுவதைவிட நல்லதும்கூட. ஆனால் தாங்குசுவருக்குப் பின்னால் அதை அப்படியே நிரப்புகிறார்கள். மழையில் காரைத் தூள் இறங்கி, சுவரில் விட்ட நீர்த்துளைகளை அடைத்துவிடும்; தேங்கிய நீர் சுவரைத் தள்ளும். சலித்துத் தூளை எடுத்துவிட்டாலும், பழைய சிமெண்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு துளைகளில் படியும். சுவரை ஒட்டிக் கருங்கல் வைத்து, இடிசலை நடைபாதைக்கும் பி.சி.சி.க்கும் கொடுப்பதே சரி.