ஹெபடைட்டிஸ் பரிசோதனையைத் திருகோணமலையில் எப்படிக் கேட்டுப் பெறுவது

செங்கண்மாரி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மஞ்சளான கண்களும் அரைத்துக் கொடுக்கும் கீழ்க்காய்நெல்லியும்தான். ஆனால் ஈரலில் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரசுகள் கண் மஞ்சளாகாமலேயே பல ஆண்டுகள் ஈரலில் தங்கி, ஈரல் இறுகும் வரை வெளியே தெரியாமல் இருக்கக்கூடும்.

ஊசியால் போதைப்பொருள் ஏற்றியவர்கள், பாலியல் தொழிலில் இருப்பவர்கள், ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்கள், சிறையில் இருந்துவந்தவர்கள், இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர்கள், பி தொற்றுள்ளவருடன் ஒரே வீட்டில் வாழ்பவர்கள் ஆகியோர் உடம்பில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சவர அலகைப் பிறருடன் பகிர்ந்தவர்களும் இதில் அடங்குவர். பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாட்களாவது உயிர்ப்புடன் இருக்கும். இலங்கையில் குழந்தைகளுக்கான பி தடுப்பூசி 2003 இல்தான் தொடங்கியது என்பதால், அதற்கு முன் பிறந்தவர்கள் தமக்குப் பாதுகாப்பு உண்டென்று எண்ணிவிடக் கூடாது.

மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ, பாலியல் நோய் சிகிச்சை நிலையத்திலோ முதலில் விசாரிக்கலாம். பின்னதில் இரகசியம் பேணுவது நடைமுறை. எங்கே போனாலும் கேட்கும் விதம்தான் முக்கியம். ஒருமுறை கிண்ணியாவிலிருந்து வந்த தம்பி ஒருவருடன் ஓர் இடத்துக்குத் துணையாகச் சென்றிருந்தேன். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி “என்ன வருத்தம்?” என்று கேட்கப்பட்டதும், அவர் “காய்ச்சல்” என்று சொல்லி, காய்ச்சல் குளிசையோடு திரும்பிவிட்டார். அதன் பிறகு நான் சொல்வது இதுதான்: “ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதிக்க வேண்டும், தனியே பேச வேண்டும்” என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, மடித்து, நேரே மருத்துவரின் மேசையில் வையுங்கள். களைப்பு என்று மட்டும் சொன்னால் ஈரல் தொழிற்பாட்டுப் பரிசோதனையோடு நின்றுவிடலாம். அது சரியாக இருந்தாலும் வைரஸ் இருக்கக்கூடும். பி க்கு மேற்பரப்பு அன்ரிஜன் (வைரசின் மேலுறைப் புரதம்), சி க்கு அன்ரிபொடி (வைரசை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை.

இரத்த தானம் செய்தால் இலவசமாகத் தெரிந்துவிடுமே என்று சிலர் நினைக்கிறார்கள். தொற்றிய ஆரம்ப வாரங்களில் பரிசோதனை அதைக் காட்டாமல் விடலாம் என்பதால், அந்த இரத்தம் இன்னொருவருக்கு ஏறிவிடும் ஆபத்து உண்டு; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அண்மையில்தான் ஆபத்து நேர்ந்ததென்றால், அந்தத் தேதியை மருத்துவரிடம் சொல்லி, மீண்டும் எப்போது வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவை வாய்ச் சொல்லாக மட்டும் பெறாமல் தாளாக வாங்கி வையுங்கள். சி அன்ரிபொடி இருப்பது வைரஸ் ஒருகாலத்தில் உடலில் புகுந்ததை மட்டுமே காட்டும். வைரஸ் இன்னும் இருக்கிறதா என்பதை, அதன் மரபுப்பொருளை இரத்தத்தில் தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். சி வைரஸ் இருந்தாலும் கலங்க வேண்டாம், பெரும்பாலும் 12 வாரக் குளிசைகளில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். பி தொற்று ஆறு மாதம் கடந்தும் இருந்தால் அது நாட்பட்டது. எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படாது, ஆனால் கிளினிக் திகதியைத் தவறவிடக் கூடாது. வீட்டாரையும் பரிசோதித்து, தொற்றில்லாதவர்களுக்குப் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் போடச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்குப் பி இருந்தால் குடும்பநல மருத்துவ மாதுவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குழந்தைக்கு முதல் ஊசி பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் விழ வேண்டும்.